பதில் சொல்லும் பாராவ்

கோத்தா திங்கி
18.02.2024

தம்பி மகேஸ்வரனுக்கு,

அக்கா சந்திரமதி எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே உனக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா, படுக்கிற இடம் காற்றோட்டமாக இருக்கிறதா என்று எழுது. நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும். கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று ஞாபகம் இல்லை. பிழை இருந்தால் சிரிக்காதே. கைதிகளுக்கு வரும் கடிதத்தை அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். இதைப் படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம்.

உன் மச்சானுடைய பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. உனக்கும் ஓர் இலை போட்டு வைத்திருந்தேன். நீ வரவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, கார்க் கதவுக்குள் குருவிகளை அடைத்துக்கொண்டு போய் சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டாய் என்று. பத்து மாதம் என்றார்கள். போகட்டும், நவம்பர் வந்துவிடும்.

வீட்டில் இப்போது நானும் அவருடைய பாராவ் குருவியும்தான். அவரை ஆறு கொண்டுபோன வெள்ளத்தன்று நீ கொண்டுவந்து என் கையில் கொடுத்த அதே கூண்டில் இருக்கிறது. ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. போன வாரம் பாட ஆரம்பித்தது. பள்ளிக்கூடக் கேண்டீனுக்குப் போகும் முன் பப்பாளி வெட்டி வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு ஆற்றில் என்ன நடந்தது? எல்லாரும் "படகு கவுந்துடுச்சு" என்றார்கள். கூட இருந்தவன் நீ. நீ மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. நேரம் கிடைக்கும்போது எழுது.

குளிர் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா


சிங்கப்பூர்
20.03.2024

அன்பு அக்காவுக்கு,

மகேஸ்வரன் எழுதுகிறேன். முதுகு வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி குறை இல்லை. உனக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோகாமல் வாங்கி வைக்கிறாயா? உன் கடிதத்தைப் படித்த அதிகாரி தமிழர். "உங்க அக்கா எனக்கும் வணக்கம் சொல்லியிருக்காங்கப்பா. எங்க வீட்டுல இருந்துகூட யாரும் எனக்கு இப்படி எழுதினதில்ல" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

பாராவுக்குப் பப்பாளி மட்டும் போதாது. வெட்டுக்கிளி பிடித்துப் போடு. வெயில் ஏறுமுன் கூண்டை வெளியே தொங்கவிடு. அது சும்மா வளர்க்கிற குருவி இல்லை அக்கா, டெனாக். அது பாடினால் காட்டுக் குருவி தேடிக்கொண்டு வரும், வலையில் விழும். இப்படி ஒன்றைப் பழக்க மச்சானுக்கு நாலு வருஷம் ஆயிற்று. இனிமேல் யாராலும் அப்படிப் பழக்க முடியாது. நான் வெளியே வந்ததும் அதை வைத்துத்தான் நீயும் நானும் பிழைக்க வேண்டும். கண் மாதிரி பார்த்துக்கொள்.

மற்றதை நேரில் பேசலாம்.

இப்படிக்கு உன் தம்பி


கோத்தா திங்கி
02.04.2024

தம்பிக்கு,

உன் முதுகுக்கு யாராவது மருந்து தடவிவிட்டார்களா? எனக்கு மாத்திரை இருக்கிறது. கிளினிக்கில் சர்க்கரை குறைந்திருக்கிறது என்றார்கள். ஒருத்திக்கு மட்டும் சமைத்தால் குறையத்தானே செய்யும்.

நீ சொன்னபடி பள்ளித் திடலில் வெட்டுக்கிளி பிடித்தேன். பிள்ளைகள் பார்த்துவிட்டு, "அலமாக்! ஆன்ட்டி, இன்னைக்கு கேண்டீன்ல இதுதான் சம்பலா?" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேற்றுக் காலை கூண்டைப் பின்வாசல் கம்பத்தில் மாட்டிவிட்டுத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நம்முடையது பாடி நிறுத்தியது. ஆற்றுப் பக்கமிருந்து இன்னொன்று பதில் சொன்னது. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அவர் சொல்வாரே, "இந்த ஆத்துல பாராவ் முடிஞ்சு போச்சு மதி, நாங்களே முடிச்சிட்டோம்" என்று. முடியவில்லை தம்பி. இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஆற்றில் நடந்ததை நேரில் பேசலாம் என்கிறாய். எழுதினால் எனக்கு நல்லது. நேரில் என்றால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் உன் முகத்தைப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் கஷ்டம்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


சிங்கப்பூர்
19.04.2024

அன்பு அக்காவுக்கு,

சுகம்தான், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் கையில் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

எந்தப் பக்கம் கேட்டது? பழைய தொங்கு பாலத்துக்கு மேலேயா, கீழேயா? மூங்கில் புதரா, பெரிய மரமா? காலையில் மட்டுமா, சாயங்காலமும் கேட்கிறதா? ஒன்றா இரண்டா? நம்முடையது பாடி எவ்வளவு நேரம் கழித்துப் பதில் வருகிறது? எல்லாவற்றையும் கவனித்து எழுது. ஊரில் யாரிடமும் வாய் திறக்காதே. மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

கூண்டைத் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மாட்டு. அது பழகட்டும்.

மாத்திரையை மறக்காதே.

தம்பி


கோத்தா திங்கி
09.06.2024

தம்பி மகேஸ்வரனுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. பள்ளி விடுமுறையில் சும்மா இருந்தும் பேனாவை எடுக்கத் தோன்றவில்லை. நீ இளைத்துப் போகாமல் இருக்கிறாயா?

நஜ்வா என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஷாநவாஸ் பாயின் மகள். பல்கலைக்கழகத்தில் பறவைகளைப் பற்றிப் படித்தவளாம். ஆற்றோரமாக நடந்து நடந்து பாராவைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"ஆன்ட்டி, கோச்சுக்காதீங்க. உங்க வீட்டுல பாராவ் இருக்கு, இல்ல? பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்குது."

"இருந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல லா. கொஞ்சம் பாத்துட்டுப் போறேன்."

கொஞ்சம் என்றவள் ஒரு மணி நேரம் கூண்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். வைக்கோல் நிறத் தலை, மீசை மாதிரி கறுப்புக் கோடு, வெள்ளைத் தொண்டை என்று ஒவ்வொன்றாக எனக்கே காட்டினாள். இத்தனை வருஷம் வீட்டில் வைத்துக்கொண்டு நான் இப்படிப் பார்த்ததில்லை. இது புல்புல் குடும்பமாம், அந்தக் குடும்பத்தில் பெரியவற்றில் இதுவும் ஒன்று. புத்தகத்தில் இதற்கு இருக்கிற பெயரில் சிலோன் என்று வருகிறதாம். "எரநூறு வருஷத்துக்கு முந்தி ஒரு வெள்ளைக்காரரு சிலோன் குருவின்னு தப்பா நெனச்சு எழுதிட்டாரு. அங்க இது ஒண்ணுகூட கிடையாது ஆன்ட்டி" என்றாள். மாற்றக்கூடாதா என்று கேட்டேன். முதலில் வைத்த பெயர்தான் நிற்குமாம். நான் என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அதில் என் பெயர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமே. இரண்டு பேரும் சிரித்தோம்.

உலகத்தில் எந்தப் பிராணி எவ்வளவு மிச்சம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம். பாராவை முதலில் கவனிக்க வேண்டியது என்று போட்டிருந்தார்கள். பிறகு ஆபத்து என்று மாற்றினார்கள். இரண்டே வருஷத்தில் மிகப் பெரிய ஆபத்து என்று மாற்றிவிட்டார்கள். "வார்டுல இருந்து ஐ.சி.யூ. மாதிரியா?" என்றேன். "ஆமா ஆன்ட்டி. சயாம்ல இல்ல, ஜாவாவுல இல்ல. சிங்கப்பூர்ல சில நூறு இருக்கு, அங்க புடிக்க விடமாட்டாங்க. பிரேசில்ல டானஜர்னு கலர் கலரா குருவிங்க, அதுங்களையும் இப்படித்தான் கூண்டுக்குன்னே புடிச்சுப் புடிச்சுக் கொறச்சிட்டாங்க" என்றாள். பாராவ் நடுக்காட்டில் இருக்காதாம். ஆற்றோர மரமும் புதரும்தான் அதற்கு வீடு. அங்கே ஆள் போவது சுலபம்.

கூண்டில் இருப்பதைக் காட்டு விலங்கு இலாகாவில் கொடுத்தால் ஜோடி சேர்த்துப் பார்ப்பார்கள் என்கிறாள்.

எந்த மரம் என்று கேட்டிருந்தாய். என் கண் முன்போல இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


சிங்கப்பூர்
01.07.2024

அக்காவுக்கு,

நான் நலம். உன் உடம்பு எப்படி?

அந்தப் பெண்ணை வீட்டுக்குள் விடாதே. படித்தவர்கள் தேன் மாதிரி பேசுவார்கள். மச்சான் இருந்திருந்தால் கொடுத்திருப்பாரா? நீயே யோசித்துப் பார். நவம்பர் இருபதாம் தேதி விடுகிறார்கள். வந்த மறுநாளே ஆற்றுக்குப் போக வேண்டும். அந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் அதோடு இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன், சத்தியமாக. அதுவரை நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காலை ஏழு மணிக்குக் கூண்டை மாட்டு, எட்டரைக்கு எடு. பக்கத்தில் பழம் வெட்டி வை. கிட்ட வந்தால் விரட்டாதே.

தம்பி


கோத்தா திங்கி
28.07.2024

மகேசு,

இந்தக் கடிதத்தை நான் போடப் போவதில்லை. எழுதினால் மனசு இறங்கும் என்று எழுதுகிறேன். அதனால் நலம் விசாரிக்கவில்லை.

ஒரு வாரம் நீ சொன்னபடியே செய்தேன். எட்டாம் நாள் காட்டுப் பாராவ் வந்து கூண்டின் மேலேயே உட்கார்ந்தது. கம்பிக்குள் மூக்கை விட்டுப் பழத்தைக் கொத்தியது. நான் மூன்று அடி தூரத்தில் துணிக் கூடையோடு நிற்கிறேன். ஒரு துண்டைப் போட்டால் பிடித்திருக்கலாம். அப்போதுதான் என்னை நானே பார்த்தேன். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு என் கையால் வலை விரித்திருக்கிறாய்.

மறுநாள் நஜ்வாவை வரச்சொன்னேன். இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். யாருடையது என்று கேட்டார்கள். "செத்துப்போன என் வீட்டுக்காரரோடது" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கூண்டுக்கு மேல் துணி போட்டு மூடி எடுத்துப்போனார்கள். அவருடைய பழைய சட்டையைத்தான் மூடக் கொடுத்தேன். அது மட்டும் திரும்பி வந்தால் நன்றாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

வீடு வெறிச்சென்று போய்விட்டது. சாயங்காலம் வரைக்கும் தாங்கினேன். பிறகு ஆற்றுக்குப் போனேன். அவர் போன பிறகு நான் ஆற்றுப் பக்கம் போனதில்லை. நஜ்வா கூட வந்தாள். அங்கே இருக்கிற பாராவ் ஒன்றில்லை மகேசு, இரண்டு. ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி. ஒன்று தொடங்கும், நடுவில் மற்றது சேர்ந்துகொள்ளும், கேட்கிறவர்களுக்கு ஒரே குருவி பாடுகிற மாதிரிதான் இருக்கும். இத்தனை நாள் எனக்குப் பதில் சொன்னது ஒன்று என்று நினைத்திருந்தேன். கூடும் கட்டியிருக்கின்றன. எனக்கு மரம் தெரியும். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

நீ வந்தால் பிடித்துவிடுவாய். நீ கெட்டவன் இல்லை. ஆனால் பிடித்துவிடுவாய்.


கோத்தா திங்கி
30.07.2024

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கும் குறையில்லை.

கூண்டில் இருந்த பாராவ் செத்துப்போய்விட்டது. காலையில் பார்த்தேன், கீழே விழுந்து கிடந்தது. ஆற்றில் இருந்ததும் இப்போது கேட்பதில்லை. போய்விட்டது போலிருக்கிறது.

மழை பெய்கிறது. இத்துடன் முடிக்கிறேன்.

அக்கா


சிங்கப்பூர்
22.09.2024

அக்காவுக்கு,

ஏழு வாரமாக எழுதவில்லை. காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அது செத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதுவாவது பிழைத்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

படகு கவிழவில்லை அக்கா. வெள்ளத்தில் வந்த கட்டை ஒன்று அடியில் மோதித் தண்ணீர் ஏறியது. கரை ஒரு கை தூரம். நான் முதலில் குதித்து ஒரு வேரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையில் வேர். ஒரு கைதான் காலி. மச்சான் படகில் நின்றுகொண்டு, "டேய், மொதல்ல இதப் புடிடா" என்று கூண்டை நீட்டினார். வாங்கினேன். மேட்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன். திரும்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அங்கே படகும் இல்லை, அவரும் இல்லை.

கூண்டைத் தண்ணீரில் தட்டிவிட்டு அவர் கையைப் பிடித்திருக்கலாம். அந்த நேரம் எனக்கு அது தோன்றவில்லை. நல்ல டெனாக், விடக்கூடாது என்றுதான் தோன்றியது. பிறகு அதை உன் கையில் கொடுத்தபோது நீ, "இதையாவது கொண்டாந்தியே" என்றாய். அதற்கு அப்புறம் எப்படிச் சொல்வேன்? பதினாறாம் நாள் உன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்றுதான் முன்பே பிடித்து வைத்திருந்த குருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நவம்பரில் நான் அங்கே வரலாமா வேண்டாமா என்று நீயே சொல். வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன்.

மகேஸ்வரன்


கோத்தா திங்கி
10.10.2024

தம்பி மகேஸ்வரனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் சாப்பிட்டுத் தூங்கி இரு, முதலில் அது வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் கேண்டீனுக்குப் போகவில்லை. நாலாம் நாள் போனேன். வெங்காயம் உரித்தேன்.

உன் மச்சான் எங்கே போனாலும் முதலில் சாமானைத்தான் நீட்டுவார். நீ லாயாங் லாயாங் ஊரில் இருந்தபோது உன்னைப் பார்க்க வருவோமே, ரயிலிலிருந்து அவர் இறங்குவதை நீ பார்த்திருக்கிறாய். நான் முன்னால் இறங்கி நிற்பேன். பலகாரப் பை வரும், குடை வரும், தண்ணீர்ப் போத்தல் வரும், கடைசியில்தான் அவர். ரயில் கிளம்பிவிடும் என்று நான் கத்துவேன். "இந்தா, மொதல்ல இதப் புடி" என்பார். முப்பத்தோரு வருஷம் நான் வாங்கிக்கொண்டேதான் இருந்தேன். அன்றைக்குக் கரையில் நான் நின்றிருந்தாலும் கூண்டைத்தான் வாங்கியிருப்பேன்.

கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. நீ செய்ததற்கு இல்லை, ஒன்பது மாதம் சொல்லாததற்கு. அதுவும் தேய்ந்துவிடும்.

நானும் உனக்குப் பொய் எழுதினேன். பாராவ் சாகவில்லை. இலாகாவில் கொடுத்துவிட்டேன். தனிக் கூண்டில் இன்னொன்றோடு விட்டிருக்கிறார்கள், பாடுகிறது என்று நஜ்வா சொன்னாள். ஆற்றில் இருப்பதும் போகவில்லை. ஜோடியாக இருக்கிறது. இரண்டு குஞ்சு பொரித்து, இரண்டும் பறந்துவிட்டன. நீ வந்தால் பிடித்துவிடுவாய் என்று பயந்துதான் மறைத்தேன். நீ அவ்வளவு உண்மையை எழுதிய பிறகு நான் இதை மூடி வைத்துக்கொண்டிருக்க முடியாது.

இனி உன் இஷ்டம். வலையோடு வந்தால் உன்னைத் தடுக்க என் உடம்பில் பலம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் உன்னிடம் பேசமாட்டேன். மற்றபடி இது உன் வீடு. வா. அவருடைய திதி டிசம்பர் கடைசியில் வருகிறது, நீ இருக்க வேண்டும்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கேட்டுப் பார். கொடுப்பார்கள்.

அக்கா


சிங்கப்பூர்
03.11.2024

அன்பு அக்காவுக்கு,

வெந்நீர் கேட்டேன், சிரித்தார்கள், ஆனால் ஒரு மருந்துப் பட்டை கொடுத்தார்கள். வலி குறைந்திருக்கிறது. நீ வெங்காயம் உரிக்கப் போனாய் என்று படித்ததும் எனக்கு மூச்சு வந்தது.

உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. இங்கே சுவருக்கு வெளியே காலையில் ஒரு பாராவ் பாடுகிறது. வந்த முதல் வாரத்திலிருந்து கேட்கிறேன். மற்றவர்களுக்கு அது காகம் மாதிரி ஒரு சத்தம், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அப்படி இல்லை. கேட்டவுடனே எவ்வளவு உயரம், எந்தக் கிளை, வலையை எங்கே கட்டலாம் என்று மனசு அளக்க ஆரம்பித்துவிடும். உன் கடிதம் வந்த மறுநாள் வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தியும் அளந்தேன். இருபது வருஷப் பழக்கம் ஒரு கடிதத்தில் போகாது அக்கா.

எந்த மரம் என்று எனக்கு எப்போதும் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

நான் உன் வீட்டில் தங்கவில்லை. தெப்ராவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. தங்குமிடமும் அவர்களே கொடுக்கிறார்கள். சுற்றிலும் கட்டடமும் லாரியும்தான், ஒரு புதர் கிடையாது. அங்கே இருந்துகொள்கிறேன். மச்சானுடைய திதிக்கு வருகிறேன். பாராவ் விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் நிறையப் பாடும், வெயில் உச்சிக்கு ஏறினால் அடங்கிவிடும். பதினோரு மணிக்கு மேல் வருகிற பஸ்ஸில் வந்து, மூன்று மணி பஸ்ஸில் போய்விடுகிறேன். படையல் காலையில்தான் வைப்பார்கள் என்று தெரியும். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

உன் தம்பி


கோத்தா திங்கி
14.11.2024

தம்பிக்கு,

சுகமாக வெளியே வா. தெப்ராவில் சாப்பாடு சரியில்லை என்றால் சொல், பொட்டலம் கட்டி அனுப்புகிறேன்.

கோயிலில் பூசாரியைப் பார்த்துப் பேசினேன். திதியை மத்தியானம் வைக்கலாமா என்று கேட்டேன். "ஏம்மா, காலையில அவருக்குப் பசிக்காதா?" என்றார். என் தம்பி வர நேரமாகும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிம்மா, வெயிட் பண்ணுவாரு லா" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு வைக்கிறோம். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.

அக்கா